சராசரி மீன் என்று ஒன்று இல்லை

மீன்களின் உடலியங்கியல் பற்றிய ஆய்வுக் கட்டுரை எதை எடுத்தாலும் அதில் ஓர் அட்டவணை இருக்கும். இனத்தின் பெயர், பிடித்த இடம், மீன்களின் எண்ணிக்கை, நொதியின் செயல்பாடு. அந்தச் செயல்பாட்டுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு இன்னொரு எண். வாசிப்பவரின் கண் சராசரியில் நின்றுவிடும். பக்கத்திலுள்ள எண்ணை அளவீட்டுப் பிழை என்று எடுத்துக்கொண்டு கடந்துபோவார். ஆனால் அதில் அளவீட்டுப் பிழையின் பங்கு பெரும்பாலும் சிறிது. மிச்சமெல்லாம் மீன்களே தங்களுக்குள் வேறுபடுவதால் வருவது. ஒரே நாளில், ஒரே வலையில், ஒரே குளத்திலிருந்து எடுத்த, ஏறத்தாழ ஒரே எடையுள்ள இரு மீன்களில் ஒன்றின் மைட்டோகாண்ட்ரியா (உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பு) நொதி மற்றதைவிட ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு வேகத்தில் செயல்படுவது இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு வியப்பூட்டும் செய்தி அல்ல.

வியப்பு என்னவென்றால், நெடுங்காலம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதுதான். கலிஃபோர்னியாவில் பணியாற்றிய உடலியங்கியலாளர் ஆல்பர்ட் பென்னெட் 1987இல் இதை நேரடியாகவே கேட்டார். தனி உயிர்களுக்கு இடையிலான வேறுபாடு இரைச்சல் அல்ல, கையில் இருந்தும் பயன்படுத்தாமல் விட்ட வளம் என்பது அவர் வாதம். இயற்கைத் தேர்வு சராசரியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அது ஒவ்வொரு மீனையும் தனித்தனியாகத்தான் சந்திக்கிறது. அப்படியிருக்க, உயிரியலாளர் மட்டும் சராசரியை வைத்துக்கொண்டு தகவமைப்பைப் பற்றிப் பேசுவது விந்தையானது.

மைட்டோகாண்ட்ரியாவின் வேலை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுவதால் சுருக்கமாகச் சொல்லலாம். உணவிலிருந்து வரும் சர்க்கரை, கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் துணுக்குகள் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் நுழைகின்றன. அங்கே கழற்றப்படும் எலெக்ட்ரான்கள் உட்சவ்வில் பதிந்துள்ள புரதக் கூட்டமைப்புகளின் வழியே கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்தப் பயணத்தின்போது புரோட்டான்கள் சவ்வைத் தாண்டித் தள்ளப்படுகின்றன. அவை திரும்பிப் பாயும் விசையில், உயிரணு செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது. காட்டு மீன்களை ஆய்பவர்கள் இந்த நீண்ட தொடரில் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் கைவைப்பார்கள். சுழற்சியின் நுழைவாயிலில் இருக்கும் சிட்ரேட் சிந்தேஸ் ஒன்று. எலெக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும் நான்காம் கூட்டமைப்பான சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் மற்றொன்று. ஒப்பிடுவதற்காக, மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, ஆக்சிஜன் தேவைப்படாத வழியில் இயங்கும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸையும் கூடவே அளப்பது வழக்கம்.

அளக்கும் முறை பழையது, மலிவானது, நம்பகமானது. மீனின் திசுவைப் பிடித்த இடத்திலேயே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் பாதுகாத்து, பின்னர் குளிர்ந்த கரைசலில் அரைத்தெடுக்கிறார்கள். சிட்ரேட் சிந்தேஸ் வேலை செய்யும்போது விடுபடும் கோஎன்சைம் ஏ, கரைசலில் முன்பே சேர்த்திருக்கும் ஒரு வேதிப்பொருளோடு வினைபுரிந்து மஞ்சள் நிறம் தருகிறது. 412 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்த மஞ்சள் எவ்வளவு வேகமாக அடர்கிறது என்பதே நொதியின் வேகம். சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸுக்கு 550 நானோமீட்டர். விடை, ஒரு கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோமோல் என்று வரும்.

இந்த எண் எதைக் குறிக்கிறது என்பதில் கவனம் வேண்டும். சோதனைக் குழாயில் நொதிக்குத் தேவையான மூலப்பொருள் தாராளமாகக் கொட்டிக் கிடக்கிறது. உயிருள்ள தசையில் அப்படிக் கிடைப்பதில்லை. ஆகவே நாம் அளப்பது அந்தத் திசுவில் நொதி எவ்வளவு இருக்கிறது, உச்ச அளவில் அது எவ்வளவு செய்யக்கூடும் என்பதை. அந்த நேரத்தில் மீன் உண்மையில் எவ்வளவு ஆற்றலை எரித்துக்கொண்டிருந்தது என்பதை அல்ல. சிட்ரேட் சிந்தேஸின் அளவை மைட்டோகாண்ட்ரியாவின் மொத்த அளவுக்கு அடையாளமாகக் கொள்வதும் இதனால்தான். செய்தியாக எழுதப்படும்போது ‘அதிக நொதி’ என்பது ‘அதிகச் சுறுசுறுப்பு’ என்று உருமாறிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

முதலில் கழிக்க வேண்டியவை

இரு மீன்களின் எண்கள் வேறுபட்டால், உடனே மரபணுவைத் தேடி ஓடக்கூடாது. வேறுபாட்டுக்குச் சாதாரணமான காரணங்கள் பல உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகே மிச்சத்தைப் பற்றிப் பேச உரிமை வரும்.

உடல் அளவு முதல் காரணம். பெரிய விலங்கின் ஒரு கிராம் திசு சிறிய விலங்கின் ஒரு கிராமைவிடக் குறைவாகவே ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்பது உடலியங்கியலின் பழைய விதி. ஜார்ஜ் சொமேரோவும் ஜேம்ஸ் சில்ட்ரஸும் 1980இல் மீன்களின் வெண்தசையை (திடீர்ப் பாய்ச்சலுக்கான தசை) அளந்தபோது, சிட்ரேட் சிந்தேஸ் அந்த விதிக்கு ஏற்பப் பெரிய மீன்களில் குறைந்தது. ஆனால் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நேர்மாறாக உயர்ந்தது. காரணம் நீந்தும் இயற்பியலில் இருக்கிறது. இரையைப் பாய்ந்து பிடிக்கவும் எதிரியிடமிருந்து தெறித்து ஓடவும் பெரிய உடலுக்கு ஒப்பீட்டளவில் அதிகத் திடீர் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலை ஆக்சிஜனுக்காகக் காத்திராத வழிதான் தரமுடியும். ஆக 20 கிராம் மீனையும் 60 கிராம் மீனையும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால், வயதும் அளவும் தந்த வேறுபாடு தனித்தன்மை என்ற பெயரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எடைக்கு எதிராக நொதியை வரைந்து, கோட்டிலிருந்து ஒவ்வொரு மீனும் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பார்ப்பதே சரியான வழி.

அடுத்தது பசி. ஆய்வகத்தில் நாள்தோறும் உணவு பெறும் மீனைப் போல் அல்ல காட்டு மீன். ஒன்று நேற்று வயிறு நிறையத் தின்றிருக்கும், இன்னொன்று வாரக்கணக்கில் வெறும் வயிற்றோடு இருந்திருக்கும். தேள்மீன்களைப் பட்டினி போட்டும் ஊட்டியும் ஒப்பிட்ட யாங், சொமேரோ ஆகியோரின் 1993ஆம் ஆண்டு ஆய்வில், பட்டினி கிடந்த மீன்களின் வெண்தசை நொதிகள் தெளிவாகச் சரிந்தன. மூளையின் நொதிகளோ அசையவில்லை. உடல் எதை விட்டுக்கொடுக்கும், எதை விட்டுக்கொடுக்காது என்ற முன்னுரிமை இதில் தெரிகிறது. நடைமுறையில் இதன் பயன் பெரிது. இரண்டு மீன்கள் தசையில் மட்டும் வேறுபட்டு மூளையில் ஒத்திருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அவற்றின் அண்மைக்கால உணவை.

வெப்பநிலையின் கைவரிசை வேறு வகை. பெரும்பாலான மீன்களின் உடல், நீரின் வெப்பத்திலேயே இருக்கிறது. நீர் குளிரும்போது நொதிகளின் வேகம் குறையும்; 10 டிகிரி குறைந்தால் வேகம் ஏறத்தாழப் பாதி. அதை ஈடுகட்ட, சில வாரங்களில் பல மீன்கள் கூடுதல் மைட்டோகாண்ட்ரியாவைக் கட்டிக்கொள்கின்றன. ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீனை 25 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குப் பழக்கியபோது, அதன் செந்தசை (நீடித்து நீந்துவதற்கான தசை) இழைகளில் மைட்டோகாண்ட்ரியா பிடிக்கும் இடம் சுமார் ஒன்றரை மடங்கானது. ஒரே ஏரியிலும் மேற்பரப்பு நீர் வெதுவெதுப்பாகவும் ஆழத்து நீர் குளிர்ந்தும் இருக்கும். எந்த மீன் எந்த அடுக்கில் நாட்களைக் கழித்தது என்பது வலைக்குத் தெரியாது.

மாசும் உண்டு. இதில் கனடாவின் சட்பரி, ருவான்-நொராண்டா சுரங்கப் பகுதி ஏரிகளில் வாழும் மஞ்சள் பெர்ச் மீன்கள் நல்ல பாடம். உருக்காலைகளின் உலோகங்கள் படிந்த அந்த ஏரிகளில் பெர்ச் மீன்கள் குன்றிப்போய், ஆற்றல் வளர்சிதையும் மாறிக் காணப்பட்டன. செம்பும் காட்மியமும் நொதிகளை நேரடியாக நசுக்குகின்றன என்பது முதலில் தோன்றும் விளக்கம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் உலோகம் மீனைத் தாக்கும் முன்பே அதன் இரையைத் தாக்கிவிடுகிறது. அடித்தளத்தில் வாழும் பெரிய முதுகெலும்பற்ற உயிரினங்கள் அற்றுப்போன ஏரியில், பெர்ச் சிறுசிறு இரைகளையே தேடித் தேடித் தின்ன வேண்டியிருக்கிறது. உழைப்பு அதிகம், வருவாய் குறைவு. நஞ்சின் விளைவு எது, வறுமையின் விளைவு எது என்பதை நொதி எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

திசு, பாலினம், இனப்பெருக்கப் பருவம் என்று பட்டியல் இன்னும் நீளும். இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது ஒன்றும் இராது என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஆவதில்லை.

கழித்த பின்னும் மிஞ்சுவது

இந்தக் கேள்விக்கு வேறெந்த மீனையும்விட அதிகம் பங்களித்தது மம்மிச்சாக் என்ற விரல் நீள மீன். அறிவியல் பெயர் ஃபண்டுலஸ் ஹெட்டெரோக்ளைட்டஸ். வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் நியூஃபவுண்ட்லாந்து முதல் ஃபுளோரிடா வரை உவர்ச் சதுப்பு நிலங்களில் கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. உப்பு ஏறினாலும் இறங்கினாலும், ஆக்சிஜன் குறைந்தாலும், வெப்பம் எகிறினாலும் தாங்கும். (1973இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் மீனும் இதுவே, அந்தத் தேர்விலும் அதன் உறுதிக்கு ஒரு பங்கு இருந்திருக்கும்.) இந்தக் கரையில் ஒரு டிகிரி அட்சரேகை வடக்கே போனால் நீரின் சராசரி வெப்பம் சுமார் ஒரு டிகிரி செல்சியஸ் குறையும். வெப்பத் தகவமைப்பை ஆராய இயற்கையே போட்டுவைத்த சோதனைச்சாலை.

டென்னிஸ் பவர்ஸும் அவருடைய குழுவினரும் 1970களிலிருந்து இங்கே லாக்டேட் டிஹைட்ரஜனேஸின் ஒரு வகையை ஆராய்ந்தனர். அந்த நொதிக்கான மரபணுவுக்கு இரண்டு வடிவங்கள். தெற்கே ஒன்று மேலோங்கியிருக்கிறது, வடக்கே மற்றொன்று, இடையில் படிப்படியான மாற்றம். 1982இல் டிமிக்கேல், பவர்ஸ் இருவரும் இரு வடிவங்களையும் சுமக்கும் மீன்களை நீந்தவிட்டுப் பார்த்தனர். 10 டிகிரியில் வடக்கத்திய வடிவமுள்ளவை சுமார் 20 சதவீதம் அதிக வேகம் தாக்குப்பிடித்தன. 25 டிகிரியில் அந்த வேறுபாடு இல்லை. இது மைட்டோகாண்ட்ரியாவின் நொதி அல்ல. ஆனாலும் ஒரு நொதியின் தனி வேறுபாடு நீந்தும் திறன் வரை எட்டுகிறது என்று காட்டியதால் பின்வந்த எல்லாவற்றுக்கும் இதுவே முன்னுதாரணம். அதுவே ஒரு தவறான நம்பிக்கையையும் விதைத்தது என்பேன்: ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் பின்னால் ஒரு மரபணு, ஒரு கதை இருக்கும் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையைக் கலைத்தவர்கள் டக்லஸ் கிராஃபோர்டும் மார்ஜரி ஒலெக்ஸியாக்கும். இயற்கை நீர்நிலைகளில் பிடித்த மீன்களை ஆய்வகத்தில் ஒரே வெப்பத்தில், ஒரே உணவில் பழக்கி, பசி, பருவம் போன்ற இடைஞ்சல்களை முடிந்தவரை நீக்கிவிட்டு அளந்தனர். 2002இல் வெளியான ஆய்வில் 907 மரபணுக்களைப் பார்த்தபோது, ஒரே இனத்தொகைக்குள்ளேயே (ஓரிடத்தில் கூடி இனம் பெருக்கும் மீன்களுக்குள்ளேயே) அவற்றில் 18 சதவீதம் மீனுக்கு மீன் வேறுபட்ட அளவில் இயங்கின. 2005இல் ஆற்றல் வளர்சிதையோடு தொடர்புடைய 119 மரபணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னும் துல்லியமாக இதயத்தில் அளந்தனர். இம்முறை வேறுபட்டவை 94 சதவீதம். கிட்டத்தட்ட எல்லாமே.

அந்த 2005ஆம் ஆண்டு ஆய்வின் அடுத்த பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதயத்துக்குக் குளுக்கோஸ், கொழுப்பு அமிலம், லாக்டேட்-கீட்டோன்-ஆல்கஹால் கலவை என்று வேறு வேறு எரிபொருள் தந்து, எதை எவ்வளவு எரிக்கிறது என்று பார்த்தனர். மீனுக்கு மீன் விருப்பம் மாறியது. மரபணு இயக்கத்தைக் கொண்டு இந்த வேறுபாட்டில் 81 சதவீதம் வரை விளக்கவும் முடிந்தது. ஆனால் எல்லா மீன்களுக்கும் பொருந்தும் ஒரே விளக்கம் கிடைக்கவில்லை. ஒரு குழு மீன்களில் குளுக்கோஸ் பயன்பாட்டை ஒரு தொகுதி மரபணுக்கள் விளக்கின. இன்னொரு குழுவில் வேறு தொகுதி. அதாவது ஒரே வேகத்தில் துடித்து, ஒரே அளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இரு இதயங்கள், அந்த இடத்துக்கு வெவ்வேறு பாதைகளில் வந்து சேர்ந்திருக்கலாம். இப்படிப்பட்ட மீன்களின் நொதி அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண், அந்தக் குளத்தில் எந்த மீனிலும் இல்லாத ஓர் உடலமைப்பை விவரிக்கும்.

நியூ ஜெர்சியின் ஆய்ஸ்டர் கிரீக் அணுமின் நிலையத்தின் வெந்நீர் கலந்த ஓடையிலும் இதே சங்கதி தலைகாட்டியது. நிலையம் 2018இல் மூடப்படும் வரை அங்கே நீர் 32 டிகிரி வரை சூடானது. பக்கத்து இடங்களில் 28. சூட்டில் வாழ்ந்த மீன்கள் தனியாகத் தெரியும் என்று எதிர்பார்ப்போம். மூன்று இடங்களிலிருந்து சுமார் 160 மீன்களை 12 டிகிரிக்கும் 28 டிகிரிக்கும் பழக்கி அளந்து, 2021இல் வெளியிட்டபோது, இடத்துக்கு இடம் இருந்த வேறுபாடு சொற்பம். ஒவ்வொரு இடத்துக்குள்ளும் மீனுக்கு மீன் இருந்த வேறுபாடு அதை மூழ்கடித்துவிட்டது. சராசரியாகக் குளுக்கோஸே இதயத்தின் முதன்மை எரிபொருள் என்று தெரிந்தாலும், சில மீன்கள் கொழுப்பு அமிலத்தையே மிக அதிகமாக எரித்தன. வெப்பத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும் திறனும் மீனுக்கு மீன் ஒன்றாக இல்லை. பழகும் திறன் இனத்தின் பண்பு என்று எழுதிப் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இரண்டு மரபுத்தொகுதிகளின் கூட்டு

மைட்டோகாண்ட்ரியா நொதிகளுக்கு மற்ற நொதிகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. மீனின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஏறத்தாழ 16,500 எழுத்துகள் நீளமுள்ள வட்டம். அதில் 37 மரபணுக்கள். அவற்றில் புரதம் செய்பவை 13. அந்த 13 புரதங்களும் ஆற்றல் உற்பத்தித் தொடரின் உறுப்புகள். தொடரின் மற்ற உறுப்புகள் அனைத்தும் உயிரணுவின் அணுக்கருவிலிருந்து வருகின்றன. இரண்டாம் கூட்டமைப்பு முழுவதும் அணுக்கருவின் தயாரிப்பு; முதல், மூன்றாம், நான்காம், ஐந்தாம் கூட்டமைப்புகள் இரு தரப்பும் சேர்ந்து செய்தவை. சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸில் மையமான மூன்று உறுப்புகள் மைட்டோகாண்ட்ரியாவின் கொடை, சுற்றியுள்ளவை அணுக்கருவினுடையவை. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டும் வருகிறது. அணுக்கரு மரபணுக்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் கலைத்துப் போடப்படுகின்றன. இரண்டு பட்டறைகளில் தனித்தனியே வார்த்த பற்சக்கரங்களை ஒவ்வொரு பிறப்பிலும் புதிதாகக் கோப்பது போன்ற வேலை.

பெரும்பாலும் பற்கள் பொருந்திவிடுகின்றன. எப்போதும் அல்ல. மெக்சிகோவின் சில ஆறுகளில் வாள்வால் மீன்களின் இரு இனங்கள் இயற்கையாகவே கலந்து கலப்பினங்களை உண்டாக்குகின்றன. மாலி ஷூமரின் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இனத்தின் மைட்டோகாண்ட்ரியாவும் மற்றோர் இனத்தின் குறிப்பிட்ட அணுக்கரு மரபணு வடிவங்களும் ஒரே மீனில் சேரும்போது முதலாம் கூட்டமைப்பு கெட்டுப்போய், கருக்கள் வளர்ச்சி நின்று இறப்பதைக் காட்டினர். பொருந்தாமையின் உச்சம் இது. சாவு வரை போகாத சிறு பொருத்தக் குறைகளும் சிறு பொருத்தச் சிறப்புகளும் ஓர் இனத்தொகைக்குள் நொதி வேறுபாடாக வெளிப்படும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

அதற்கும் மம்மிச்சாக்கே சான்று தருகிறது. அதன் வடபகுதி மைட்டோகாண்ட்ரியாவும் தென்பகுதி மைட்டோகாண்ட்ரியாவும் நியூ ஜெர்சியில் சந்திக்கின்றன. ஒரே சதுப்பில், ஒன்றோடொன்று கூடி இனம் பெருக்கும் மீன்களிலேயே இரு வகையும் உண்டு. 2017இல் வெளியான ஆய்வு ஒன்று இவற்றை ஒப்பிட்டது. எந்த வகை மைட்டோகாண்ட்ரியா என்பது ஆற்றல் உற்பத்தியைப் பாதித்தது. ஆனால் அந்தப் பாதிப்பு மீன் எந்த வெப்பத்தில் பழகியிருந்தது, கூடவே எந்த அணுக்கரு மரபணு வடிவங்களைச் சுமந்தது என்பவற்றைப் பொறுத்து மாறியது. ஆகவே ‘நல்ல மைட்டோகாண்ட்ரியா’ என்று தனியாகச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. ஒரு கூட்டாளியோடு, ஒரு வெப்பத்தில் நன்றாக இயங்குவது வேறொரு கூட்டாளியோடு, வேறு வெப்பத்தில் பின்தங்கும்.

மாசுக்கு ஈடுகொடுக்கும் இனத்தொகைகளிலும் இப்படிப்பட்ட மரபுவழி மாற்றம் தெரிகிறது. மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில், 1940களிலிருந்து 1970கள் வரை மின்தேக்கித் தொழிற்சாலைகள் வெளியேற்றிய பிசிபி நஞ்சு சேற்றில் படிந்திருக்கிறது. அங்கு வாழும் மம்மிச்சாக், பிற இடத்து மீன்களைக் கொல்லும் அளவையும் தாங்குகிறது. அவற்றின் சந்ததிகளைத் தூய நீரில், ஆய்வகத்திலேயே வளர்த்தபோதும் மைட்டோகாண்ட்ரியாவின் இயக்கத்தில் வேறுபாடு தொடர்ந்தது. நஞ்சு அந்தச் சந்ததிகளின் உடலில் இல்லை. நஞ்சு நடத்திய தேர்வின் தடம் இருக்கிறது.

நொதி சொல்லாதது

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் வைக்க வேண்டும். நொதி அளவு வேறுபட்டால் மீனின் வாழ்க்கையும் வேறுபடும் என்று எடுத்துக்கொள்வது பல இடங்களில் பலிக்கவில்லை. வடபகுதி, தென்பகுதி மம்மிச்சாக் மீன்கள் வெப்பத்தைத் தாங்கும் எல்லையில் வேறுபடுகின்றன. பட்ரீஷியா ஷூல்ட்டியும் சக ஆய்வாளர்களும் 2009இல் இதை மைட்டோகாண்ட்ரியாவின் பண்புகளால் விளக்க முடியுமா என்று தேடினர். குளிரில் பழகியபோது வடபகுதி மீன்களின் மைட்டோகாண்ட்ரியா அதிகத் திறன் காட்டியது உண்மை. ஆனால் மேல் வெப்ப எல்லையின் வேறுபாட்டை அவற்றைக் கொண்டு எளிதில் விளக்க முடியவில்லை.

இன்னொரு காரணம் அடிப்படையானது. நொதி எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. பயன்படுத்திய ஆக்சிஜனுக்கு எவ்வளவு ஏடிபி கிடைத்தது என்பது வேறு கேள்வி. புரோட்டான்களில் ஒரு பங்கு ஏடிபி செய்யாமலே சவ்வின் வழி கசிந்து உள்ளே வந்துவிடுகிறது. அந்தக் கசிவு வீண் மட்டும் அல்ல, தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாவதைக் குறைக்கிறது என்றும் கருதப்படுகிறது. கசிவு மீனுக்கு மீன் மாறும். கிளாஸ்கோவில் கரீன் சாலின், நீல் மெட்காஃப் குழுவினர் பழுப்பு டிரவுட் குஞ்சுகளைத் தனித்தனித் தொட்டியில் வைத்து, அளந்து உணவிட்டு வளர்த்து 2019இல் வெளியிட்ட முடிவு இந்த விஷயத்தில் மிகத் தெளிவானது. ஒரே அளவு உணவு பெற்ற குஞ்சுகளுக்கிடையே வளர்ச்சித் திறன் பத்து மடங்குக்கு மேல் வேறுபட்டது. குறைந்த உணவு பெற்ற சில, நிறைய உணவு பெற்ற சிலவற்றை முந்தின. நன்றாக வளர்ந்த மீன்களின் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியா, ஒவ்வோர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் அதிக ஏடிபி தந்தது. நொதியின் அளவை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போயிருக்கும்.

அப்படியானால் இயற்கைத் தேர்வு ஏன் சிறந்த ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைக் களையவில்லை? மேலே சொன்னவற்றிலேயே பாதி விடை இருக்கிறது. பல பாதைகள் ஒரே பயனைத் தந்தால், பாதைகளுக்கிடையே தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. மறு பாதி, சுற்றுச்சூழலின் சீரின்மையில் இருக்கிறது. உவர்ச் சதுப்பில் வற்றும் ஓடை, தேங்கிய குட்டை, திறந்த நீர்ப்பரப்பு ஆகிய மூன்றும் சில நூறு மீட்டருக்குள்ளேயே அமைந்திருக்கும். குட்டை நண்பகலில் கொதிக்கும், இரவில் ஆக்சிஜன் இழக்கும். திறந்த நீர் அப்படியில்லை. இந்தச் சிறு வாழிடங்களுக்கிடையே கூட மம்மிச்சாக்கின் மரபணு வடிவங்களின் விகிதம் மாறுவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் வென்றவை ஒவ்வொரு மூலையிலும் வேறாக இருந்து, அடுத்த இனப்பெருக்கப் பருவத்தில் மீண்டும் எல்லாம் கலந்துவிட்டால், வேறுபாடு அழியாமல் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இது நிரூபணமான முடிவு என்பதைவிட வலுவான விளக்கம் என்பதே பொருத்தம்.

ஆய்வுமுறைக்கு இதிலிருந்து நேரடியான சில கோரிக்கைகள் எழுகின்றன. சிறிய மீன்களில் திசு போதாது என்பதற்காகப் பத்து மீன்களின் கல்லீரலை ஒரே குழாயில் அரைத்து அளக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. செலவு குறையும்; ஆனால் தேட வேண்டிய பொருளையே அரைத்து அழித்துவிடுகிறோம். ஒரே சாற்றை மூன்று முறை அளந்து, மூன்று வெவ்வேறு மீன்களை அளந்ததாகக் கணக்குக் காட்டுவது அதைவிட மோசம். அளவீட்டின் மறுநிகழ்வையும் உயிர்களின் வேறுபாட்டையும் பிரித்துக் காட்டாத அட்டவணையை நம்பி எதையும் கட்ட முடியாது. ஒரு கிராம் திசுவுக்கா, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கா என்பதையும் பார்க்க வேண்டும். பட்டினி கிடந்த மீனின் தசையில் புரதம் குறைந்து நீர் கூடியிருக்கும், இரண்டு வகுத்தல்களும் இரண்டு விடை தரும்.

எல்லாவற்றிலும் பெரிய தடை, இதயத்தையோ கல்லீரலையோ எடுக்க மீனைக் கொல்ல வேண்டும் என்பது. கொன்ற மீனை அடுத்த மாதம் மறுபடி அளக்க முடியாது. எனவே இன்று அதிக நொதி காட்டிய மீன் எப்போதும் அப்படித்தானா, அல்லது அந்த வாரம் மட்டும் அப்படியிருந்ததா என்ற கேள்வி இந்தத் துறையில் நெடுநாளாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. தசையிலிருந்து சிறு துணுக்கு எடுப்பது, பெரிய மீன்களில் ஓரளவு சாத்தியம். இன்னொரு வழி இரத்தம். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுக்களில் அணுக்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. மீன்களின் சிவப்பணுக்களில் இரண்டும் உண்டு, அவை ஆக்சிஜனைப் பயன்படுத்தி இயங்கவும் செய்கின்றன. அடையாளக் குறியிட்ட மீனிடமிருந்து சில துளி இரத்தம் எடுத்து, விட்டுவிட்டு, மறுபடி பிடித்து மறுபடி எடுக்கலாம். சிவப்பணுவின் மைட்டோகாண்ட்ரியா இதயத்தையும் தசையையும் எந்த அளவுக்குப் பிரதிபலிக்கிறது என்பதை ஒவ்வோர் இனத்திலும் தனித்தனியே சோதித்தாக வேண்டும். ஏனெனில் பட்டினி மீனின் மூளையும் தசையும் ஏற்கெனவே காட்டியபடி, ஒரே மீனின் திசுக்கள் ஒரே திசையில் நகர்வதில்லை.